தலைகீழாகப் பிடித்த காமிரா

ஸ்டுடியோ வேலையிலிருந்து நான் நிற்கப்போகும் கடைசி வாரத்தில், புதிதாகச் சேர்ந்திருந்த இரண்டு பெண்பிள்ளைகள் ஒரு நோட்டைக் கொண்டுவந்து நீட்டினார்கள். காமிராவை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று எழுதித் தரச் சொன்னார்கள். காமிராவோடு வந்த புத்தகத்தில் படம் போட்டே இருக்கிறதே என்றேன். "அதுல இருக்கது ஆம்பளக் கை, அக்கா. அதுவும் வெள்ளக்காரன் கை" என்றாள் ஒருத்தி.

அவள் சொன்னது சரிதான். முப்பது வயதுகூட ஆகாதவள் ஓய்வுபெற்றவளைப்போல உட்கார்ந்து எழுதுவது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. ஆனாலும் ஒன்பது வருடம் அந்த வேலையைச் செய்திருக்கிறேன். அடுத்த மாதம் முதல் எனக்கு எழுத்தர் வேலை. காமிரா கையில் இருக்காது. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அம்மா பருத்தி எடுக்கப் போவாள். மற்ற நேரத்தில் நாங்கள் எல்லோரும் வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டிக் கம்பெனிக்காகத் தீக்குச்சிகளை மரச் சட்டத்தில் அடுக்குவோம். பன்னிரண்டாம் வகுப்பை அப்படி அடுக்கிக்கொண்டேதான் படித்தேன், பட்டப்படிப்பு தபாலில். கம்ப்யூட்டர் வகுப்பும் முடித்திருந்தேன். அந்தச் சான்றிதழை எடுத்துக்கொண்டு கோவில்பட்டியில் செல்வின் அண்ணாச்சியின் ஸ்டுடியோவுக்கு வேலை கேட்டுப் போனபோது, என் தலை கொஞ்சம் நிமிர்ந்தே இருந்தது. அது தவறு என்று இன்றும் நான் நினைக்கவில்லை.

அண்ணாச்சி சான்றிதழைப் பார்க்கவில்லை. கையைக் காட்டச் சொன்னார். புரட்டிப் பார்த்துவிட்டு, சட்டம் அடுக்குகிற கையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப அழுத்தாமத் தொடத் தெரியும்" என்றார். அன்றைக்கே வேலை. சடங்கு வீட்டிலும் வளைகாப்பிலும் பெண்கள் பக்கம் படம் எடுக்க ஒரு பெண் வேண்டும் என்று அவர் தேடிக்கொண்டிருந்ததைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

முதல் இரண்டு வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாஸ்போர்ட் படம் வெட்டினேன், ஆல்பம் ஒட்டினேன், விளக்குப் பிடித்தேன், பிலிம் காமிராவில் பெண்கள் பக்கம் எடுத்தேன். அண்ணாச்சியின் முறைகளை மட்டும் சொல்ல வேண்டும். வேலைக்குக் கிளம்பும் முன் எல்லோருடைய கையையும் பார்ப்பார். நகம் வெட்டியிருக்க வேண்டும். மோதிரம், வளையல் கூடாது. காமிரா வார் கழுத்தில் ஏறிய பிறகுதான் பெட்டியைவிட்டுக் காமிரா வெளியே வர வேண்டும். கரிசல் காற்றில் லென்ஸ் மாற்றக் கூடாது; மாற்றத்தான் வேண்டும் என்றால் ஆட்டோவுக்குள் உட்கார்ந்து, வாய் கீழே பார்க்க மடியில் வைத்து மாற்ற வேண்டும். தவறு செய்தால் திட்ட மாட்டார். கெட்டுப்போன பிரிண்ட் ஒன்றின் பின்பக்கத்தில் அந்தத் தவறை ஒரு வரியில் எழுதி நம் மேசையில் வைத்துவிட்டுப் போவார். அதற்குத் திட்டே தேவலை என்று இருக்கும்.

அவரிடம் இருந்தவர்களில் பெரிய கைகாரர் மாடசாமி அண்ணன். எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் ஆடு மேய்க்கும் குடும்பம். இளம் வயதில் நூற்பு மில்லில் வேலை பார்த்தபோது வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இயந்திரத்தில் போய்விட்டன. ஷட்டர் பொத்தானை அழுத்துவதற்கு உலகத்துக் காமிராக்கள் எல்லாம் நம்பியிருப்பது அந்த ஆள்காட்டி விரலைத்தான். ஆனால் பழைய பிலிம் காமிராவின் பொத்தான் நடுவில் மரையுள்ள சிறு துளை இருக்கும். அதில் பொத்தானை உள்ளிருந்து அழுத்தும் ஒரு மெல்லிய கம்பியைத் திருகி, அதன் மறுமுனையை லென்ஸுக்கு அடியில் டேப் போட்டு ஒட்டி வைத்திருந்தார் அண்ணன். இடது உள்ளங்கையில் லென்ஸ் இருக்கும். இடது கட்டைவிரலால் கம்பியின் முனையைத் தட்டுவார். பிலிமை நகர்த்த வலது கட்டைவிரல் போதும். அவர் எடுத்த படங்களைப் பார்த்தவர்கள் யாரும் எத்தனை விரலால் எடுத்தார் என்று கேட்டதில்லை.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் கழித்து, அண்ணாச்சி கடன் வாங்கி ஒரு டிஜிட்டல் காமிரா பாடி வாங்கினார். கோவில்பட்டியில் அப்போது அது புதுசு. அட்டைப் பெட்டியைத் திறந்து அவர் அதை வெளியே எடுத்ததும் நாங்கள் எல்லோரும் கிட்டத்தில் போய் நின்றோம். கறுப்பு. பழைய காமிராபோலத் தட்டையாக இல்லை. வலது பக்கம் ரப்பர் போர்த்திய ஒரு புடைப்பு, கைக்குள் வந்து உட்காரும்படி. கையில் வாங்கியபோது எடை முழுக்க அந்தப் பிடியில் இறங்கியது. என் சுண்டுவிரலுக்கு மட்டும் இடம் போதாமல் அது அடியில் தொங்கியது. மற்ற மூன்று விரலுக்கும், அளந்து செய்ததுபோல ஒரு பள்ளம். பின்னால் கட்டைவிரலுக்கு ஒரு சின்ன மேடு. ஷட்டர் பொத்தானுக்குப் பக்கத்தில் பல் வைத்த ஒரு சக்கரம்.

பொத்தானில் இரண்டு படி. பாதி அழுத்தினால் குவியம் பிடிக்கும்; முழுவதும் அழுத்தினால் படம். பாதியில் நிறுத்தத் தெரியாமல் பலர் திணறினார்கள். எனக்கு முதல் நாளே வந்துவிட்டது. குச்சி முறியாமல் சட்டத்தில் வைக்கத் தெரிந்த விரலுக்கு அது பெரிய காரியம் இல்லை.

அண்ணாச்சி பயிற்சி வைத்தார். காமிராவையும் நம் கைகளையும் சேர்த்து ஒரு துண்டால் மூடிவிடுவார். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்வார்: ஒளி கூட்டு, வேகம் குறை, ஐ.எஸ்.ஓ. மாற்று. கை தானாகப் பொத்தானைத் தேடிப் போக வேண்டும். "கண்ணு ஜன்னல்ல இருக்கணும். கல்யாண வீட்டுல நீ குனிஞ்சு பொத்தானப் பாக்குத நேரத்துல தாலி ஏறிரும்" என்பார். ஜன்னல் என்றால் காமிராவில் கண் வைத்துப் பார்க்கும் துளை. இடது கை லென்ஸுக்கு அடியில், தண்ணீர் ஏந்துகிற மாதிரி. முழங்கை இரண்டும் விலாவில். மூச்சை விட்டு முடித்த இடத்தில் அழுத்தம். ஒரு வாரத்தில் துண்டுக்குள் நான் ஒரு தவறும் செய்யவில்லை.

மாடசாமி அண்ணனால் முடியவில்லை. அந்தப் பொத்தானில் மரைத்துளை கிடையாது.

இதை நாங்கள் யாரும் யோசித்திருக்கவில்லை. மோதிர விரலை வளைத்து அழுத்திப் பார்த்தார். கை முழுக்கப் பிடியிலிருந்து நழுவியது. அண்ணாச்சி மதுரையிலிருந்து ஒயர் வைத்த ஒரு ஸ்விட்ச் வாங்கி வந்தார். அது காமிராவின் பக்கவாட்டில் செருகுவது. கடைக்குள் நன்றாக வேலை செய்தது. அதை நம்பி ஒரு காதுகுத்து வீட்டுக்கு அண்ணனை அனுப்பினார். அங்கே கூட்டத்தில் யாரோ ஒரு அம்மாளின் சேலைத் தலைப்பில் ஒயர் மாட்டி, செருகியிருந்த முனை பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. அவர் மறுபடி செருகுவதற்குள் ஆசாரி இரண்டாவது காதையும் குத்தி முடித்துவிட்டார்.

பிலிமிலேயே எடுக்கட்டுமே என்று கேட்கலாம். வருகிறவர்கள் எல்லாம் டிஜிட்டல்தான் வேண்டும் என்றார்கள். லேபிலும் பிலிம் கழுவுவதைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு டிஜிட்டல் பாடி. அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் ஸ்டுடியோவின் போட்டோகிராபர்.

அந்த வாரம் இடைசெவலில் ஒரு கல்யாணம். திங்கட்கிழமை காலையில் அண்ணாச்சி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமைக்கித் தங்கச்சி காமிரா பிடிக்கட்டும், மாடசாமி. நீ லைட்டப் பிடி" என்றார். அண்ணன் "சரி அண்ணாச்சி" என்றார்.

எனக்கு உள்ளே சந்தோஷமாகத்தான் இருந்தது. இதை மறைத்து எழுதினால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். எங்கள் தெருவில் யாரும் தொட்டுப் பார்க்காத ஒரு பொருள், ஒரு முழுக் கல்யாணம், என் கையில். அண்ணனுக்கு மூன்று பிள்ளைகள் என்பதும், விளக்குப் பிடிக்கிறவருக்குக் கூலி பாதிக்கும் கீழே என்பதும், விளக்குப் பிடிக்க ஒரு ஆளை ஸ்டுடியோ ரொம்ப நாள் வைத்துக்கொள்ளாது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சந்தோஷப்பட்டேன்.

புதன்கிழமை மத்தியானம் கடையில் ஆள் இல்லை. நான் காமிராவை வைத்துப் பழகிக்கொண்டிருந்தேன். அண்ணன் மேசைக்கு அந்தப் பக்கம் விளக்குக் கம்பத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் குவியம் சரியாகத் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லி, லென்ஸ் அவரைப் பார்க்கும்படி காமிராவை நீட்டினேன். அப்படி நீட்டியதில் பிடி அவருடைய இடது கைப்பக்கம் இருந்தது. அவர் இடது கையால் அந்தப் பிடியைப் பற்றினார். சுற்றித் திருப்பவில்லை. அப்படியே மேல்பக்கமாகப் புரட்டிக் கண்ணுக்குக் கொண்டுபோனார். காமிரா தலைகீழாக நின்றது. பிடி இன்னமும் அவருடைய இடது கையில்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. வெகுநேரம் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை.

"ஏட்டி டிகிரிக்காரி, உள்ள நீ நேராத்தான் நிக்க. நம்பர் மட்டுந்தான் தலைகீழா நிக்குது."

அவருடைய இடது கட்டைவிரல் கீழேயிருந்து ஷட்டர் பொத்தானில் பதிந்திருந்தது. சக்கரமும் அதே கட்டைவிரலுக்கு எட்டியது. வலது உள்ளங்கை லென்ஸைத் தாங்கியது. மிச்சமிருந்த விரல்கள் ஜூமைத் திருப்பின. பாதி அழுத்தினார். குவியம் பிடித்த சத்தம் கேட்டது. முழுவதும் அழுத்தினார்.

அவர் பிடித்திருந்தபடியே பின்னால் திரையைப் பார்த்தோம். நான் நேராகச் சிரித்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரில் ஏற்றியபோதுதான் தலைகீழ். திருப்பும் பொத்தானை இரண்டு தட்டுத் தட்டினேன், சரியாகிவிட்டது.

அண்ணாச்சி வந்ததும் காட்டினோம். அவர் துண்டை எடுத்து அண்ணனின் கைகளை மூடினார். எல்லாம் இடம் மாறிப்போனதில் அண்ணன் பத்துக்கு ஏழு தவறு செய்தார். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் வெளிச்சம் தாடைக்குக் கீழேயிருந்து அடித்து, நான் பேயாக நின்றேன். அண்ணாச்சி காமிராவை வாங்கி அதே மாதிரித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். ஸ்டாண்டில் மாட்டுவதற்காகக் காமிராவின் அடியில் உள்ள திருகுத் துளை இப்போது உச்சியில் இருந்தது. அதில் விரலை வைத்தார். உடனே செருப்பை மாட்டிக்கொண்டு லேத் பட்டறைக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது கையில் ஒரு இரும்புப் பட்டை இருந்தது. திருகுத் துளையில் அதை மாட்டி, அதன் மேல் ஃபிளாஷை வைத்து, ஃபிளாஷின் பழைய ஒயரால் காமிராவோடு இணைத்தார். ஒயர் எங்கேயும் தொங்காதபடி பட்டையோடு ஒட்டினார். "ரெண்டு நாளு இருக்கு. இத வீட்டுக்குக் கொண்டுபோ" என்று காமிராவை அண்ணனிடம் கொடுத்தார். அந்தக் காமிரா கடையை விட்டு யார் வீட்டுக்கும் அதுவரை போனதில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் துண்டு மறுபடியும் வந்தது. அண்ணன் ஒரு தவறு செய்தார், ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமை இடைசெவலில் அவர் காமிரா பிடித்தார். நான் விளக்குப் பிடித்தேன்.

மனத்தாங்கலோடுதான் பிடித்தேன். ஆனால் அரைமணி நேரத்தில் அது மறந்துபோனது. காமிரா பிடிப்பதில் எனக்குத் தெரிந்தது எல்லாம் நான் துண்டுக்குள் கற்றது. அவர் செய்தது வேறு. தலைகீழாகப் பிடித்ததால் அவருடைய இடது முழங்கை வெளியே விரிந்து நிற்கும். கூட்டம் அதில் இடிக்கும். இடி வரும் முன்பே உடம்பைத் திருப்பி அதை முதுகில் வாங்கிக்கொண்டார், லென்ஸ் அசையவில்லை. காமிராவைப் பார்த்துச் சிரித்த கூட்டத்தையே படம் எடுத்தார்.

பெண்ணின் அம்மா அன்று முழுக்க இறுகிய முகத்தோடு இருந்தார். தாரை வார்த்து முடிந்த நேரத்தில் அண்ணன் அவரிடம், "யம்மா, என் காமிராதான் தலைகீழா இருக்கு. நீங்க நேராத்தான் இருக்கீங்க, பயப்படாதீங்க" என்றார். அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். கட்டைவிரல் அந்த நேரத்தில் அழுத்தியது.

பெண்ணின் பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. நல்ல காரியத்தில் இதென்ன கோலம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

பிரிண்டுகள் போட நாளாகும். அதற்குள் மறுவீட்டுக்கு எல்லோரும் கூடும்போது டிவியில் பார்க்க வேண்டும், ஒரு சி.டி. கொடுங்கள் என்று கேட்டார்கள். சி.டி. போடுவது என் வேலை. எல்லாப் படங்களையும் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் திருப்பி நேராக்கினேன். கடைசிவரை பார்த்தேன், எல்லாம் நேர். அண்ணாச்சி, சரிபார்த்தாயா என்று கேட்டபோது, "ரெண்டு தடவ பாத்துட்டேன் அண்ணாச்சி" என்றேன். கடையில் டிவியில் போட்டு ஒரு தடவை பார்த்துவிடலாமா என்றார் அண்ணன். அது தேவையில்லை, எனக்குத் தெரியும் என்றேன்.

எனக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. கம்ப்யூட்டரில் படம் பார்க்கும் அந்தப் புரோகிராம், நான் திருப்பியதைத் தன் கணக்கில் மட்டும்தான் குறித்து வைத்திருந்தது. படத்தின் ஃபைல்கள் காமிராவில் இருந்தபடியே இருந்தன. சி.டி.க்குப் போனவை அந்த ஃபைல்கள்.

மறுவீடு முடிந்த இரண்டாம் நாள், பெரியப்பா சி.டி.யோடு கடைக்கு வந்தார். கூட கல்யாணப் பெண்ணும் அவள் புருஷனும். அண்ணன் ஓர் ஓரமாக ஆல்பம் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஊரக் கூட்டி வச்சு டிவியப் போட்டா, மாப்பிளையும் பொண்ணும் தலைகீழாத் தொங்குதாவ" என்றார் பெரியப்பா. "தாலி கட்டுத படம் தலைகீழா. சம்பந்தக்காரவிய முன்னால எனக்கு எப்படி இருந்திருக்கும் அண்ணாச்சி? அன்னைக்கே பாத்தேன். கை சரியில்லாத ஆள அனுப்பி, அவரு காமிராவக் கவுத்திப் பிடிச்சா, படம் பின்ன எப்படி வரும்?"

அண்ணாச்சி எழுந்து நின்று, தவறு ஸ்டுடியோவுடையது, மன்னிக்க வேண்டும், வேறு சி.டி. இப்போதே தருகிறேன் என்றார். வந்தவர்கள் முன்னால் எங்களில் யாரையும் அவர் ஒருநாளும் குற்றம் சொன்னதில்லை.

"சி.டி. கெடக்கட்டும். தையில சின்னவளுக்குக் கல்யாணம் வச்சிருக்கு. அதுக்கும் உங்ககிட்டதான் சொல்லியிருக்கோம். அவர அனுப்ப மாட்டேன்னு சொல்லுங்க, இருக்கோம். இல்லன்னா வேற எடம் பாத்துக்கிடுதோம். இந்தப் பக்கம் எல்லாரும் எங்க வீட்டக் கேட்டுத்தான் வருவாவ."

கடனில் வாங்கிய காமிரா. இடைசெவல் பக்கத்துக் கல்யாணங்கள் போனால் என்ன ஆகும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அண்ணன் அட்டை அடுக்குவதை நிறுத்தவில்லை. தலையை மட்டும் குனிந்துகொண்டார். காமிராவைப் பற்றி எதுவும் தெரியாதவர்கள், தலைகீழ் காமிரா தலைகீழ் படம் என்று நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. நான் பேசாமல் இருந்தால் போதும், அடுத்த கல்யாணத்துக்குக் காமிரா என் கைக்கு வந்துவிடும். அந்தக் கணத்தில் இது எனக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது.

"சி.டி. போட்டது நான்" என்றேன். "அண்ணன் எடுத்ததுல தப்பே இல்ல. நேராக்கிக் குடுக்கது என் வேல. டிவியில போட்டுப் பாக்கலாம்னு அண்ணன் சொன்னாவ. எனக்குத் தெரியும்னு நாந்தான் கேக்கல."

பெரியப்பா என்னைப் பார்த்தார். "நீயா? நீ கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளைன்னுல்லா சொன்னாவ" என்றார்.

ஒன்பது வருடத்தில் என்னை அதைவிடக் கூசவைத்த சொல் வேறு இல்லை. அவர் கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். ஆமாம், படித்திருக்கிறேன், ஆனாலும் இது எனக்குத் தெரியவில்லை என்றேன்.

அண்ணாச்சி பெரியப்பாவிடம் கேட்டார். "தலைகீழா இருந்த படத்த எத்தன பாத்தீங்க?"

பதில் கல்யாணப் பெண்ணிடமிருந்து வந்தது. "எல்லாத்தையும் பாத்தோம். டிவியத் தூக்கித் தலைகீழா மெத்தையில வச்சுப் பாத்தோம். வச்சதே பெரியப்பாதான்."

"பாதியில நிறுத்தலியா?" என்றார் அண்ணாச்சி.

"எங்கம்மா சிரிக்குத படம் வந்ததும் நிறுத்தச் சொன்னாவ. அதவே ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தோம். எங்கம்மாவுக்கு அப்படி ஒரு படம் வீட்டுல கெடையாது." அவள் பெரியப்பாவின் பக்கம் திரும்பினாள். "நீங்களும்தான பெரியப்பா பாத்தீங்க."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார்: "சின்னவ கல்யாணத்துக்கு இவரத்தான் அனுப்புவேன். இவரவிடக் கைகாரர் என்கிட்ட இல்ல. வேண்டாம்னா சொல்லிருங்க, வருத்தப்பட மாட்டேன்."

பெரியப்பா புது சி.டி.யை வாங்கிக்கொண்டு போனார். அதை அண்ணாச்சி எங்கள் எல்லோருக்கும் முன்பாக டிவியில் போட்டுக் கடைசிப் படம்வரை ஓடவிட்ட பிறகுதான் கொடுத்தார். அன்று என் மேசையில் எந்தப் பிரிண்டும் வைக்கப்படவில்லை. நானே ஒன்றை எடுத்துப் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். மறுநாள் அண்ணன் காமிராவை என்னிடம் கொடுத்து, தலைகீழாகப் பிடித்துப் பழகு, கூட்டத்தில் கையைத் தலைக்குமேல் தூக்கி எடுக்கும்போது உதவும் என்றார். உதவியது.

தை மாதம் வரையில் இடைசெவலிலிருந்து ஒரு தகவலும் இல்லை. பொங்கலுக்கு மறுவாரம், தேதி சொல்லி ஆள் வந்தது. யாரை அனுப்ப வேண்டும், அனுப்பக் கூடாது என்ற பேச்சே வரவில்லை. அண்ணன் காமிராவோடும் நான் விளக்கோடும் போனோம்.

மணவறையைச் சுற்றி நல்ல கூட்டம். தாலி எடுத்துக் கொடுக்கும் நேரம். அண்ணன் காமிராவைப் புரட்டிக் கண்ணில் வைத்தார். இடது முழங்கை விரிந்தது. பின்னாலிருந்து ஆட்கள் நெருக்கினார்கள். அப்போது பெரியப்பா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, அண்ணனின் இடது பக்கத்தில் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"ஏலே, தள்ளி நில்லுங்கல" என்றார். "அவியளுக்கு இடது கைப் பக்கம் எடம் வேணும்."